வாய்ச்சொல்லும் கைப்பேசிச் சொல்லும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

சமூக ஊடகங்களால் நம் கடைத்தெருவும் பணியிடமும் அன்றாட வாழ்வும் எவ்வாறு மாறியிருக்கின்றன என்பதைப் பற்றிச் சில சொல்லுமாறு செயற்குழுவினர் பணித்துள்ளனர். பொருளோ கடல். தலைநகராகிய தில்லியில், ஒரு காலனியில், அடுத்தடுத்த வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நாம், கடல் முழுவதையும் அளக்கப் புறப்பட வேண்டுவதில்லை. நம் வாசற்படி வரை வந்து காலை நனைக்கும் அலையை மட்டும் பார்த்தால் போதும்.

அந்த அலை யாது? ஒருவரைப் பற்றிய சொல், அவர் காதில் விழாத இடத்தில், அவரை அறியாதவர் முன்னிலையில் சொல்லப்படுகின்றது. சொல்லப்பட்ட அன்று மாலையே அவருடைய பிழைப்பை அது ஆக்கியோ அழித்தோ விடுகின்றது. கடைக்காரர்க்கும், அலுவலகத்தில் பணிபுரிவோர்க்கும், நம் இல்லங்களில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கும், ஊர்விட்டு ஊர் வந்து உழைக்கும் எவர்க்கும் இன்று இதுவே நேர்கின்றது. இதனைப் பற்றியே பேச விழைகின்றோம்.

நம்முள் முதியோர் இந்நகருக்கு வந்த கதையை இளைஞர்கள் அறிவார்களோ இல்லையோ, கூறுவதில் தவறில்லை. மத்திய அரசின் தேர்வில் வென்று, ஒரு தகரப் பெட்டியும் ஒரு கடிதமும் கொண்டு கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறியவர்கள் அவர்கள். பணி ஆணையைக் காட்டிலும் அக்கடிதமே பெரிதெனக் கருதப்பட்டது. "இதனைக் கொண்டுவரும் பையன் நமக்கு வேண்டியவன்; தங்க இடமும் சாப்பாட்டுக்கு வழியும் செய்து கொடுக்கவும்" என்று ஊர்ப் பெரியவர் ஒருவர், கரோல்பாக்கிலோ லோதி காலனியிலோ இருக்கும் ஒருவர்க்கு எழுதியிருப்பார். அந்த ஒரு வரியை நம்பி, முன்பின் கண்டிராத ஒருவர் தம் வராந்தாவில் பாய் விரித்துக் கொடுத்தார். அடுத்த மாதமே மளிகைக் கடைக்காரர் அப்பையன் பெயரில் ஒரு கணக்கு நோட்டுப் போட்டார். "இன்னார் வீட்டில் இருக்கும் பையன்" என்பதே அதற்குப் பிணை. எழுதியவர், பெற்றவர், கொண்டு வந்தவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் தேடிச் சென்று கேட்கக் கூடியவர்கள். பையன் சொல் தவறினால் கடிதம் எழுதியவர்க்குத் தலைகுனிவு.

அக்காலத்தைப் பொற்காலம் என்று போற்றுவது நம் நோக்கமன்று. வேண்டியவர் ஒருவரும் இல்லாதவனுக்கு அவ்வேற்பாட்டில் இடமே கிடையாது. குலத்தையும் உணவு வழக்கத்தையும் கேட்டு வீடு மறுத்தவர்கள் நம்மவரிலும் இருந்தார்கள்; இன்றும் இருக்கின்றார்கள். புறங்கூறுதலுக்கும் அன்று பஞ்சமில்லை. தண்ணீர்க் குழாயடியில் போகாத மானம் இல்லை. ஆயினும் குழாயடிப் பேச்சுக்கு ஒரு முகம் இருந்தது. "யார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே போனால், மூன்றாவது வீட்டிலோ நான்காவது வீட்டிலோ சொன்னவர் அகப்படுவார். இன்று "யார் சொன்னது?" என்று கேட்டால், "எனக்கும் வந்தது, நானும் அனுப்பினேன்" என்பதே விடை.

இனி, இக்கருவிகளால் விளைந்த நன்மையை முதலிற் சொல்லாது மேலே செல்வது நன்றி மறந்த செயலாகும். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது, காலனிக் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சாமான் பட்டியல் பெற்று, பையில் கட்டி வாசலில் வைத்துப் போனார்கள். மகனும் மகளும் கடல்கடந்து வாழ, இங்குத் தனித்திருந்த முதியோர்க்கு அது எத்தகைய உதவியாக இருந்தது என்பதை அவர்களே சொல்வார்கள். மறு ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இந்நகரம் பட்ட பாடு நம் நெஞ்சை விட்டு நீங்காது. மருத்துவமனையில் படுக்கை எங்கே உள்ளது, ஆக்ஸிஜன் உருளை எங்கே கிடைக்கும் என்று டுவிட்டரிலும் வாட்ஸ்அப்பிலும் இரவெல்லாம் தேடி, தொலைபேசி எண்களை ஒவ்வொன்றாய் அழைத்துச் சரிபார்த்து, முகமறியாதவர்க்கு முகமறியாதவர் உதவினார்கள். அவ்வெண்களுள் பணம் பறிக்கும் பொய்யர்களுடையனவும் கலந்திருந்தன. ஆதலாலேயே, எண்ணைக் கண்டவுடன் அனுப்பியவரைக் காட்டிலும், தாமே அழைத்துப் பேசி, 'உண்மை, இப்பொழுது உள்ளது' என்று நேரமும் குறித்து அனுப்பியவர் பெரிதும் உதவினார். இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துக, பின்னர் வேண்டியிருக்கும்.

நம் தாய்மார்கள் சிலர் இக்கருவியால் ஒரு சிறு தொழிலே நடத்துகின்றார்கள். இட்லி மாவு, மிளகாய்ப் பொடி, பருப்புப் பொடி, கிருஷ்ண ஜயந்திக்குச் சீடையும் முறுக்கும், கார்த்திகைக்குப் பொரி உருண்டை என்று முதல் நாளே குழுவில் அறிவித்து, கேட்டோர் தொகையை எண்ணி, அவ்வளவே செய்து கொடுக்கின்றார்கள். கடை வாடகை இல்லை. மிஞ்சிப் போவதும் இல்லை. கணவர் ஓய்வு பெற்ற பின் இவ்வருவாயே குடும்பத்துக்குக் கைகொடுக்கும் இல்லங்களும் உண்டு. வீட்டில் சமைத்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதை இடையே நினைவூட்டுகின்றோம். இத்தொழில் நிலைத்து நிற்பதற்குக் காரணம் கைப்பேசி மட்டுமன்று. மாவு புளித்துவிட்டால் மறுநாள் காலை மாடிப்படியில் எதிர்ப்பட்டு, "என்ன மாமி, இந்தத் தடவை மாவு கொஞ்சம் புளிப்பு" என்று சொல்ல முடிகின்றது. சொன்னவர்க்கு அடுத்த வாரம் ஒரு கரண்டி மாவு கூடவே வருகின்றது. இங்குக் கைப்பேசி, அறிந்தோர் இருவரிடையே தூது செல்கின்றது, அவ்வளவே.

அறியாதோர் இலட்சக்கணக்கில் திரண்டு வந்தால் யாது நிகழும் என்பதற்கு இந்நகரிலேயே ஒரு சான்று உண்டு. தெற்குத் தில்லியில், மாளவியா நகரில், 'பாபா கா தாபா' என்னும் சிறு உணவுக் கடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எண்பது வயதை ஒட்டிய முதிய தம்பதியர் சுமார் முப்பது ஆண்டுகளாய் நடத்தி வந்த தெருவோரக் கடை அது. 2020 அக்டோபரில், நோய்க்கால முடக்கத்தால் விற்பனை அற்றுப்போய் முதியவர் கண்ணீர் விடும் காட்சியை, உணவகங்களைப் பற்றிப் படம் எடுத்து வெளியிடும் இளைஞர் ஒருவர் சமூக ஊடகத்தில் இட்டார். ஓரிரவில் நாடெங்கும் பரவிற்று. மறுநாள் கடைமுன் வரிசை, திரைப்பட நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் பரிந்துரைத்தார்கள், தொலைக்காட்சியினர் சூழ்ந்தார்கள், நன்கொடையும் குவிந்தது.

நல்லதே நடந்தது என்று நாம் எல்லோரும் மகிழ்ந்து, அடுத்த காட்சிக்கு விரலைத் தள்ளிவிட்டோம். பின்னர் நடந்ததைப் பார்த்தவர் மிகச் சிலரே. நன்கொடைக் கணக்கில் முதியவர்க்கும் படமெடுத்தவர்க்கும் பிணக்கு எழுந்து, போலீசு வரை சென்றது. முன்பு வாழ்த்திய அதே ஊடகத்தில் முதலில் ஒருவரையும் பின்னர் மற்றவரையும் வைது எழுதினார்கள். டிசம்பரில் முதியவர் ஒரு புதிய உணவகம் திறந்தார். மாதச் செலவு ஏறத்தாழ 1 லட்சம் ரூபாய் என்றும், விற்பனை ஒரு மாதமும் 40,000 ரூபாயைத் தாண்டவில்லை என்றும் அவரே பின்னர்ச் செய்தியாளர்களிடம் சொன்னார். 2021 பிப்ரவரியில் அவ்வுணவகம் மூடப்பட்டது. அவர் பழைய தெருவோரக் கடைக்கே திரும்பினார். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் படமெடுத்த இளைஞரிடம் முதியவர் வருத்தம் தெரிவிக்க, இருவரும் சமாதானமானார்கள்.

இதில் எவரையும் குற்றவாளியாக்குவது நம் வேலையன்று. இரக்கம் உண்மையானது, வந்த பணமும் உண்மையானது. ஆயினும் வணிகம் என்பதை அறிந்தோர் இதிலிருந்து ஒன்று கண்டுகொள்ளலாம். கூட்டம் வேறு, வாடிக்கை வேறு. கூட்டம் ஒரு நாள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகும். வாடிக்கைக்காரர் மழையிலும் வருவார். சுவை குறைந்தால் சொல்வார். இரண்டு நாள் கடை திறக்காவிட்டால் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். நாடெங்குமிருந்து வந்த அன்பினால் மாளவியா நகரில் தினமும் மதியம் சோறுண்ண நூறு பேரை உண்டாக்க இயலவில்லை.

நம் காலனி அங்காடியில் உள்ள சிறு கடைகளுக்கும் இதே நிலைதான். பத்து நிமிடத்தில் பொருள் கொணரும் நிறுவனங்களால் அவர்கள் படும் தொல்லை தனிக்கதை. அதனைச் சமூக ஊடகத்தின் மேல் ஏற்றுவது நியாயமாகாது. எனினும், கடைக்காரர் தம் மகள் திருமணத்துக்காக ஒரு மாதம் சொந்த ஊர் சென்றால், யாரோ ஒருவர் கைப்பேசி வரைபடத்தில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட இயலும் என்பதை அவர் அறிவாரா? தராசில் எடை குறைந்தது என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் இட்டு எழுதினால், அதற்கு மறுமொழி எழுதலாம் என்பதாவது தெரியுமா? முப்பது ஆண்டு நாணயத்தை மூன்று வரியில் மறுக்கலாம். மறுத்தவர் பெயரோ, 'காலைப் பனித்துளி' என்பது போன்ற ஒரு புனைபெயர்!

புகழ்மொழிகளும் அப்படியே. விலைக்குப் புகழும் தொழில் வளர்ந்துவிட்டதை அரசும் உணர்ந்துள்ளது. இணையத்தில் வெளிவரும் நுகர்வோர் கருத்துரைகளைப் பற்றி 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 19000 என்னும் நெறிமுறையை வகுத்தது. ஆனால் விரும்பியோர் கைக்கொள்ளும் நெறியாகவே அதனை வெளியிட்டது. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு ஒன்றைப் பரிந்துரைப்போர் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டும் என்று 2023 சனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை அறிவித்தது. நல்லவையே. காலனிக் கடைக்காரர்க்கு இவை எட்டும் தொலைவில் இல்லை என்பது நம் கருத்து.

அலுவலகங்களைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. இங்கு அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் இப்பொழுதே சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கின்றீர்கள். அலுவலகக் குழுவில் இரவு பத்து மணிக்கு மேலதிகாரி ஒரு கேள்வி இடுகின்றார். அவர்க்கு உடனே விடை வேண்டும் என்பதுகூட இல்லை. மறந்துவிடாதிருக்க எழுதி வைக்கின்றார். ஆனால் பார்த்தவர் யார் என்பதை நீல நிறக் குறி காட்டிக் கொடுக்கின்றது. ஒருவர் 'சரி ஐயா' என்கின்றார். உடனே ஏனைய பதினைவரும் 'சரி ஐயா' என்று சொல்லியாக வேண்டும். சொல்லாதவர் மறுநாள் விளக்கம் தரவேண்டும். அலுவல் நேரம் கடந்தபின் இத்தகைய அழைப்புகளுக்கு விடையளிக்காதிருக்கப் பணியாளர்க்கு உரிமை வேண்டும் என்று மக்களவையில் 2018-இல் ஒரு தனி உறுப்பினர் மசோதா கொணரப்பட்டது, சட்டமாகவில்லை. பிரான்சு நாட்டில் 2017-இலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024-இலிருந்தும் இத்தகைய சட்டங்கள் நடைமுறையில் உள்ளன. அலுவலகத்தில் இருப்பவர்க்காவது குழுவில் ஓரிடம் உண்டு. தம் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டு. அதுவும் அற்றவர்களைப் பற்றியே நாம் அதிகம் கவலை கொள்கின்றோம்.

ஓர் உதாரணம் கொள்வோம், எக்காலனியிலும் நிகழக்கூடியது. ஒரு வீட்டில் தங்க வளையல் ஒன்று காணவில்லை. வீட்டம்மாள் பதறுகின்றார்; பதறுவது இயல்பே. அன்று காலை வந்து போனவர் வேலைக்காரப் பெண் ஒருத்தியே. காலனிக் குழுவில் 300 பேர் உள்ளனர். அப்பெண்ணின் படம் வாயிற் காவலாளியிடம் பதிவுக்கென்று வாங்கி வைத்தது உள்ளது. "இப்பெண்ணிடம் எச்சரிக்கை" என்று படத்தோடு ஒரு வரி. உண்மையில் வீட்டம்மாள் 'திருடினாள்' என்று எழுதவில்லை. எச்சரிக்கை என்றுதான் எழுதினார். நண்பகலுக்குள் அப்பெண் வேலை செய்யும் மற்ற ஐந்து வீடுகளிலும், "நாளையிலிருந்து வரவேண்டா" என்று சொல்லப்படுகின்றது. காரணம் ஒருவரும் சொல்லவில்லை. அவள் அக்குழுவில் இல்லை. அவளைப் பற்றி 300 பேர் அறிந்த ஒன்றை அவள் ஒருத்தியே அறியமாட்டாள்.

நான்காம் நாள், வளையல் பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் அகப்படுகின்றது என்றே வைத்துக்கொள்வோம். வீட்டம்மாள் நல்லவர், அவளை அழைத்துத் திரும்ப வேலை தருகின்றார். மற்ற ஐந்து வீடுகள்? அங்கே வேறு ஆள் வந்தாயிற்று. குழுவில் திருத்தம் எழுதப்படுமா? "வளையல் கிடைத்துவிட்டது, அனைவர்க்கும் நன்றி" என்று வேண்டுமானால் எழுதப்படலாம். அதற்குக் கைகூப்பும் சின்னங்கள் நாற்பது விழும். படம் மட்டும் அழியாது. அடுத்த காலனிக் குழுவுக்குச் சென்ற படத்தை யார் திரும்பப் பெறுவது?

முன்பு குழாயடியில் இதே சந்தேகம் எழுந்ததில்லையா? எழுந்தது. ஆனால் அப்பெண் மறுநாள் காலை வந்து நிற்பாள், "அம்மா, என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள்?" என்று கேட்பாள். அழுவாள், சண்டையிடுவாள். கேட்பதற்கு ஓரிடமும், எதிரே ஒரு முகமும் இருந்தன. காலனி வாயில்களில் இன்று பயன்படும் செயலிகள் சிலவற்றில், வீட்டு வேலை செய்வோர்க்கு நாம் நட்சத்திரம் இடலாம். ஊதியத்தைப் பத்து நாள் தாழ்த்தித் தரும் வீட்டுக்கும், பண்டிகைக்கும் விடுப்புத் தராத வீட்டுக்கும் நட்சத்திரம் இடும் இடம் அவர்களுக்கு எங்கே உள்ளது? துணி தேய்த்துத் தருபவர், காவலாளி, பால் போடும் பையன் ஆகிய அனைவரும் இவ்வகையில் ஒரே நிலையினரே. பெரும்பாலும் அவர்களும் நம்மைப் போலவே தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஊர்விட்டு வந்தவர்களைக் கைப்பேசிச் சொல் எவ்வளவு எளிதில் தாக்கும் என்பதை நாடு பன்முறை கண்டுள்ளது. 2012 ஆகஸ்டில், அசாமில் கலவரம் நிகழ்ந்ததையொட்டி, வடகிழக்கு மாநிலத்தார்க்குத் தீங்கு வரப்போகின்றது என்ற வதந்தி குறுஞ்செய்தியாகவும் இணையத்திலும் பெங்களூரில் பரவிற்று. உணவகங்களிலும் காவற்பணியிலும் அழகு நிலையங்களிலும் உழைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். குவாஹாத்திக்குத் தனி ரயில்கள் விட நேர்ந்தது. ஒரே வேளையில் ஐந்துக்கு மேற்பட்ட குறுஞ்செய்தி அனுப்பலாகாது என்று அரசு சில நாள் தடை போட்டது. 2018 மே மாதம், சென்னையிலிருந்து காரில் குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற ஒரு குடும்பத்தார், திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூருக்கு அருகேயுள்ள அத்திமூரில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர் என்ற வாட்ஸ்அப் வதந்தியால் ஏற்கெனவே கலங்கியிருந்த ஊரார் அவர்களை அடித்தார்கள். முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு ஜூலை முதல் நாள், மராட்டிய மாநிலம் துளே மாவட்டத்து ராயின்பாடாவில், யாசித்து வாழும் நாடோடிக் குலத்தவர் ஐவர் அதே வகை வதந்திக்குப் பலியாயினர். அதன் பின்னரே, ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரையறை செய்தது.

நம் சங்கத்தார்க்கு மிக நெருங்கிய நிகழ்ச்சி 2023 மார்ச்சில் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றார்கள், கொல்லப்படுகின்றார்கள் என்று இந்தியில் எழுதிய வரிகளோடு சில படக்காட்சிகள் பரவின. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை, சென்னைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கும் வடநாட்டுத் தொழிலாளர்க்கு, ஊரிலிருந்து தாயும் மனைவியும் அழுதுகொண்டு தொலைபேசியில் அழைத்தார்கள். பலர் வேலையை விட்டுப் புறப்பட்டார்கள். அப்பொழுது ஹோலிப் பண்டிகையும் நெருங்கியிருந்தது. வழக்கம்போல் பண்டிகைக்கு ஊர் செல்வோர் நிரம்பிய ரயில் பெட்டியின் படமே, 'உயிர் தப்பி ஓடுகின்றார்கள்' என்னும் வாசகத்தோடு மீண்டும் சுற்றிற்று. தமிழ்நாட்டுப் போலீசுத் தலைமை இயக்குநர் விசாரித்துச் சொன்னது யாது? காட்சிகளுள் ஒன்று பீகார்த் தொழிலாளர் இரு பிரிவினர் தமக்குள் மோதியது. மற்றொன்று கோவையில் உள்ளூரார் இருவர் சண்டையிட்டது. இரண்டும் முன்னரே நடந்தவை. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து நேரிற் கண்டு சென்றது. போலீசார் இந்தியிலேயே பேசி விளக்கங்கள் வெளியிட்டார்கள்; தொழிற்சாலை முதலாளிகளும் தொழிலாளர் தங்குமிடங்களுக்குச் சென்று பேசினார்கள். பொய்யைப் பரப்பியோர் மேல் வழக்குகள் பதிவாயின. அச்சம் மெல்லத் தணிந்தது.

அந்த நாட்களில் தில்லியில் தமிழராகிய நம் நிலை எவ்வாறிருந்தது? அலுவலகத்தில் உடன் பணிபுரியும் பீகார் நண்பர் கைப்பேசியை நீட்டி, "உங்கள் ஊரில் இப்படி நடக்கின்றதாமே" என்று கேட்டால் என்ன விடை சொல்வது? 'எங்கள் ஊரில் அப்படி நடக்காது' என்று சினந்து சொல்வது எளிது. அச்சொல்லால் எவரும் மனம் மாறியதில்லை. தமிழ்ச் செய்தித்தாளையும் படித்து, இந்தியிலும் பேசத் தெரிந்த நாம், போலீசார் கூறியதை எடுத்துச் சொல்லி, திருப்பூரில் உள்ள உறவினரை அழைத்து அங்குள்ள நிலையைக் கேட்டு அவரிடம் தெரிவித்தால், அது வேறு. இரண்டு மொழி அறிந்து இரண்டு ஊர்க்கும் உரியவராய் வாழ்பவர்க்கே அவ்வேலை கைவரும். தமிழ்நாட்டிலுள்ள பீகார்த் தொழிலாளர், வட இந்தியாவிலுள்ள தமிழர், பெங்களூரிலிருந்த அசாமியர் ஆகிய அனைவரும் ஒரு படகினரே. இன்று அவர்களைப் பற்றி வந்த படம் நாளை நம்மைப் பற்றி வர எத்தனை நாழிகை ஆகும்?

சட்டம் இதற்கெல்லாம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைத் தண்டிக்கின்றது. ஐந்து வீட்டு வேலை இழந்த பெண் அப்பிரிவைப் படித்து வழக்காட வருவாள் என்று எவரும் அஞ்ச வேண்டா, அவள் வரமாட்டாள். குழுவை நடத்துபவர், பிறர் இட்ட செய்திக்குத் தாம் அவ்வாறு நடத்துபவர் என்ற காரணத்தால் மட்டும் குற்றவாளி ஆகமாட்டார் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2021-இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022-இலும் தீர்ப்பளித்துள்ளன. ஆகவே நம் குழுவை நடத்தும் செயலாளர் அச்சமின்றி உறங்கலாம். எஞ்சியிருப்பது சட்டத்தின் வேலையன்று, நம் வேலை.

செயற்குழுவின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். நம் சங்கக் குழுவில் பணியாளர் எவருடைய படமும் பெயரும், அவரை நேரில் கேட்காது இடப்படலாகாது. களவு போயிருந்தால் போலீசு நிலையம் உள்ளது. குழு அதற்குரிய இடமன்று. தவறான செய்தி ஒன்று வந்துவிட்டால், அதனை அழிப்பதோடு நில்லாது, எவர்க்கெல்லாம் சென்றதோ அவர்க்கெல்லாம் திருத்தமும் செல்ல வேண்டும். அதனைச் செய்தியை இட்டவரே எழுதவேண்டும். நோய்க்காலத்தில் ஆக்ஸிஜன் எண்களைச் சரிபார்த்து நேரம் குறித்தோமே, அப்பழக்கம் நமக்குப் புதிதன்று. இரவு ஒன்பது மணிக்கு மேல் சங்க வேலைகளைக் குழுவில் இடுவதில்லை என்றும் தீர்மானிக்கலாம். அலுவலக அதிகாரியை நம்மால் திருத்த இயலாவிடினும், விழாக் குழுத் தலைவரைத் திருத்தலாம் அன்றோ?

இத்திருத்தங்களில் ஒன்றுக்குச் சிலர் மறுப்புச் சொல்லக்கூடும். "வீட்டில் தனித்திருக்கும் முதியோர் பலர், ஐயமுள்ளவரைப் பற்றி எச்சரிக்காவிட்டால் ஆபத்தன்றோ?" என்பர். கேள்வி நியாயமானது. வீடு வீடாய்ப் போலி அதிகாரி வேடத்தில் வருவோரையும், தொலைபேசியில் வங்கிக் கணக்கு விவரம் கேட்போரையும் பற்றி எச்சரிப்பது வேண்டியதே. அது செயலைப் பற்றிய எச்சரிக்கை. பெயரும் படமும் உள்ள ஒரு மனிதரைப் பற்றியதாயின், செயலாளரிடமும் இரு மூத்த உறுப்பினரிடமும் முதலில் சொல்க. அவர்கள் அன்றே அம்மனிதரை அழைத்துக் கேட்பார்கள். ஒரு பொழுது தாமதம் ஆகும். அத்தாமதத்தைப் பொறுப்பது தகும் என்றே நாம் கருதுகின்றோம்.

கடைக்காரர்கள் பொருட்டு ஒன்று. நம் இளைஞர்கள் வரைபடத்தில் கடையின் பெயரையும் நேரத்தையும் சரியாகப் பதிவதிலும், தகாத கருத்துரைக்கு மரியாதையாய் மறுமொழி எழுதுவதிலும் தேர்ந்தவர்கள். காலனி அங்காடியிலுள்ள மளிகைக் கடை, காய்கறிக் கடை, தையற்கடை, துணி தேய்ப்பவர் ஆகியோர்க்கு இதனைச் செய்து கொடுப்பதாக இளைஞர் அணியினர் இசைந்துள்ளனர். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்காடியின் வேப்பமரத்தடியில் கூடுகின்றார்கள். கடைக்காரர் பெரும்பாலோர் இந்தியில்தான் எழுத விரும்புவர். ஆதலின் பிழையின்றி இந்தி எழுதத் தெரிந்த இருவர் தேவை. இசைவுள்ளோர் விழா முடிவதற்குள் செயலாளரிடம் பெயர் தருமாறு வேண்டிக்கொள்கின்றோம்.